இயந்திரக் கோளாறு

ட்யூட்டி சார்ட்டை நான் பென்சிலில்தான் எழுதுகிறேன்.
சேர்ந்த புதிதில் பேனா வைத்திருந்தேன்,
அரசாங்கப் பதிவேடு என்று நம்பிக்கொண்டு.

திருத்துறைப்பூண்டி டிப்போவில் இது பதினாலாவது வருஷம்.
மூன்று தேர்தல், ஒன்பது மேனேஜர்,
ஒரே நாற்காலி.
அதற்கும் ஒரு கால் குட்டை. நோட்டீஸை மடித்து
அண்டக்கொடுத்திருக்கிறேன்.
எந்தச் சங்கத்து நோட்டீஸ் என்று பார்க்கவில்லை.
(பார்த்தேன்.)

ஓட்டு எண்ணிய ராத்திரியே
வாசல் கொடிக்கம்பத்துக்கு யாரோ பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.
விடிவதற்குள் காய்ந்தும்விட்டது.
நாலரை மணிக்கு,
ஐந்து வருஷமாகக் கையெழுத்தை மட்டும் போட்டுவந்த அமிர்தகடேசன்
காக்கிச் சட்டையில் வந்து நின்றார்,
வயிற்றருகே இரண்டு பொத்தான் சேரவில்லை.
ஐந்து வருஷமாக நைட் ஹால்ட் மட்டுமே ஓட்டிய வைரக்கண்ணு
வேட்டியில் வந்தார்.

"அதர் ட்யூட்டி போடு தங்கச்சி."

என்ன வேலை என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் நான் கோடு போடுவேன்.
கோடு கோணாமலிருக்க ஸ்கேல் வாங்கியிருக்கிறேன்,
சொந்தக் காசில்.

வைரக்கண்ணு எப்பேர்ப்பட்ட டிரைவர்!
வாய்மேட்டில் குறுக்கே வரும் ஆடுகளை
ஹாரன் அடிக்காமல் பேர் சொல்லி விரட்டுவார்.
டீசல் கணக்கில் அவர் பெயருக்கு நேரே
சிவப்பு மை பட்டதில்லை.
அந்தக் கைகள் இப்போது
மேனேஜர் மேஜைக்கு எதிரே ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன,
கழற்றி வைத்த ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரி.

போகும்போது குனிந்து சொன்னார்:
"அவனைக் கடற்கரை ஹால்ட்டுக்குப் போடு.
அதே பஸ்சு. அதே கொசு."
போட்டேன்.
அவரும் ஒருநாள் இதே அறையில் நின்று,
"மனுசன் தூங்க வேணாமா" என்று கேட்டவர்தான்.
அன்றைக்கும் நான்தான் எழுதினேன்.

அமிர்தகடேசன் மெடிக்கல் லீவில் போய்விட்டார்.
ஐந்து பத்து நடைக்கு ஆள் இல்லை.

மேனேஜர் வந்து நாற்பது நாள்.
குவார்ட்டர்ஸில் இன்னும் பெட்டி பிரிக்கவில்லை என்று
காவலாளி சொல்கிறான்.
"ஆள் இல்லைன்னு எழுதாதீங்கம்மா,
கணக்குல ஆள் ஜாஸ்தி."
கொஞ்சம் யோசித்தார்.
"இயந்திரக் கோளாறுன்னு போடுங்க."

அதை மட்டும் பேனாவில் எழுதச் சொன்னார்.

ஆறு மணிக்கு போன் அடித்தது.
இறால் கம்பெனிக்குப் போகிற பெண்கள்,
ஒரே செல்லில் நாலு குரல்.
"பஸ்சு என்னாச்சுங்க?"
ரிப்பேர் என்றேன்.
"நேத்து நல்லாத்தானே போச்சு" என்றது ஒரு குரல்.
நேற்று நல்லாத்தான் போனது.

மத்தியானம் மறைக்காடன் வந்தார், கையில் கிரீஸ்.
பதிவேட்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.
"நான் பாத்து விட்ட வண்டியில என்ன கோளாறு?"
அதட்டவில்லை. டாக்டரிடம் கேட்பதுபோல் கேட்டார்.
நான் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாரத்தில் பழுதான பாகத்தின் பெயர் வேண்டும்,
இல்லாவிட்டால் தணிக்கையில் நிற்கும்.
ஆகவே சாயந்தரம் வரை
ஒரு நல்ல பஸ்ஸை அவர் பிரித்துப் பார்த்தார்.
நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வைரக்கண்ணுவும் பார்த்தார்,
ஒருமுறை எழுந்து பாதி தூரம் போய்,
வேட்டியைப் பார்த்துத் திரும்பி வந்தார்.

கடைசியில் ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து
என் மேஜையில் வைத்தார் மறைக்காடன்.
தேயாத மரை. துரு இல்லை.
"இதுதான்னு எழுதிக்க."
வண்டிக்குப் புதுசு போட்டுவிட்டாராம்.

என் வேலையும் ஒரு சிபாரிசுக் கடிதத்தில் வந்ததுதான்.
அவர் லாரியில் மோதிச் செத்த நாற்பத்தோராம் நாள்
சங்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.
நல்ல கையெழுத்து. நல்ல மனசு.
மறுக்கவா முடியும்.

ஃபேன் போட்டால் மாறுதல் உத்தரவுகள் பறக்கின்றன.
அதன்மேல் அந்த போல்ட்டை வைத்திருக்கிறேன்.
கனமாகத்தான் இருக்கிறது.
நாளைக்கு ஐந்து பத்துக்கு
இன்னும் பெயர் எழுதவில்லை.
பென்சில் சீவிக்கொண்டிருக்கிறேன்.